எந்தத் திருமுருகன்?

– நிறுத்துங்க சார். பேனாவக் கீழ வைங்க. கலைமதி, நான் இவர நம்ப மாட்டேன்.

– ஐயோ ஆரோக்கியசெல்வி அக்கா, பேஜாரு பண்ணாதீங்க! இருவது வருஷமா பத்திரம் எழுதறேன், கையெழுத்துப் போடற நேரத்துல இப்படி ஒரு ஆளப் பாத்ததில்ல. பதினொன்றரைக்கு டோக்கன். திண்டிவனம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நமக்காகக் காத்துக்கினா இருப்பாங்க? சாரோட ஆதார் ரைட்டு. வாரிசு சர்ட்டிபிகேட்டும் ரைட்டு. உள்ள போனா மெஷின்ல வெரல் ரேகை வேற வைக்கப்போறாங்க.

– வைக்கட்டும் கண்ணு. இவரு பேரு திருமுருகன்னு மெஷினு சொல்லும். எந்தத் திருமுருகன்னு சொல்லுமா? எங்க அண்ணன் சகாயராஜு நெலம் வாங்கினப்ப அப்படித்தான ஆச்சு. நெலத்துக்காரனோட அதே பேரு, அதே இனிஷியலு, ரேகையும் சரியா உழுந்துச்சு. வித்தவன் வேற ஆளு! அண்ணன் இன்னிக்கும் விழுப்புரம் கோர்ட்டுக்கு நடந்துக்கினு இருக்கான்.

– அச்சா, புரியுதும்மா. ஆனா நான் ராஜாமணி பையன்தாங்க. கூட்டேரிப்பட்டு தாண்டி உங்க ஊர்லதான் பொறந்தேன். நாலாவது முடிச்சதும் ஹாஸ்டல்ல சேத்துட்டாங்க. அப்புறம் புனேவுல வேலை. நாப்பத்தஞ்சு வருஷம் ஓடிப்போச்சு.

– ஊர விட்டுப் போனவரு பேரச் சொல்லிக்கினு யாரு வேணா வரலாம் சார். கேக்கறேன், பதில் சொல்லுங்க. நீங்க விக்கற கொல்லை நெலத்துல கெணறு எந்தப் பக்கம்?

– வடக்கு... இல்லல்ல, கெழக்கு.

– தெக்கால. வேலியோரம் என்னா மரம்?

– புளியமரம்?

– நாவமரம்.

– அக்கா, கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க! பேசாம நீங்களே வித்து நீங்களே வாங்கிக்கங்க.

– சிரிக்காத கலைமதி. எங்கம்மா அந்தக் கொல்லையில கூலிக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்கினவ. அந்த நாவமரத்துலதான் எனக்குத் தூளி கட்டியிருந்தா. அதுல ஒரு துண்டாவது எம்பேர்ல வரணும்னு எத்தினி வருஷமா செங்கல் சூளையில வெந்துக்கினு இருக்கேன் தெரியுமா? ஆளு மாறிப்போச்சுன்னா அதோட நான் தீந்தேன்.

– ஒம்பது வயசுப் பையன் கெணத்தையும் மரத்தையுமா பாத்துக்கினு இருப்பான்? வேற எதனா கேளுங்கம்மா.

– ரைட்டு, கடைசி கேள்வி. அக்கா, ஜல்தி!

– உங்க வைக்கப்போரு ஒருநாள் எரிஞ்சுச்சே சார். கொளுத்தினது யாரு?

– நான்தான். அதுக்குத்தான அப்பா வெளுத்து வாங்கி ஹாஸ்டலுக்கு அனுப்பினாரு.

– பாத்தீங்களா, பட்டுனு சொல்லிட்டாரு! கெளம்புங்க, கெளம்புங்க.

– உக்காரு கண்ணு. ஊர்ல யாரக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க. டீக்கடையில விசாரிச்சிக்கினு வந்தவனும் இதத்தான் சொல்லுவான். பத்திரத்தக் கிழிச்சுப் போடு.

– இருங்கம்மா, அவசரப்படாதீங்க. வேற பேரு என்னால சொல்ல முடியாது. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.

– யாருக்கு?

– சிட்டுன்னு ஒரு பொண்ணு. நெஜப் பேரு என்னான்னு எனக்கு அப்பவே தெரியாது. கையில நெருப்புப்பொட்டி, சுட்டுத் திங்க மடி நெறைய மல்லாட்டை. எங்கம்மாவுக்கு வேலை போயிடும்டான்னு ஒரே அழுகை. அதுக்கு மேல கேக்காதீங்க. நெலம் விக்காட்டியும் பரவால்ல, இத்தினி வருஷம் கழிச்சு ஊர்ல அவ பேரு கெடக்கூடாது.

– அக்கா! என்னாக்கா இது, அழுவுறீங்களா, சிரிக்கிறீங்களா?

– ரெண்டுந்தான் கண்ணு. டோக்கன் போயிடப்போவுது, எல்லாத்தையும் எடுத்துக்கினு ஓடியா. டேய் முருகு, பேனாவ எடுத்துக் கையெழுத்துப் போடுடா. அந்தப் போரக் கொளுத்தின சிட்டு நான்தான்!