கோடு இல்லாத பக்கம்

— ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன்... நாலு நாளா ஒரு கோடுகூட இல்லியே, ரேணுகாம்மா! நோட்டுல போட மறந்துட்டீங்களா?

— மறக்கல, சக்கரவர்த்தி சார். இருந்தாத்தானே போடறதுக்கு.

— நெசமாவா? உங்க பொண்ணு குணா ஒரு தடவகூட தலைய முட்டிக்கலையா?

— முட்டிக்கல. அம்மன் சத்தியமா முட்டிக்கல.

— ஒண்ணு கவனிங்க. நான் மொதல்ல வந்தப்ப, எண்பத்திமூணு ஏப்ரல் நாலாந்தேதி, ஒரே நாள்ல நூத்திப்பன்னண்டு. இதோ, நீங்க கிழிச்ச கோடுதான். இப்ப ஜூன்ல பூஜ்யம்! மெட்ராஸ்ல எங்க ஆராய்ச்சியில யாருமே நம்ப மாட்டாங்க.

— ஆங்.

— என்ன, ஆங்? சந்தோசப்படுங்கம்மா. எட்டு வயசு வரைக்கும் நெத்திப்புண்ணு ஆறாத பொண்ணு. உங்க வீட்டுக்காரர் கயித்தால கட்டிப் போட்டிருந்தாரே.

— ஊரு சொன்னத்த கேட்டுகினு கட்டினாரு. நீங்க வந்துதானே ஆட்டிசம்னு பேரு சொன்னீங்க. பேயும் இல்ல, நா பண்ண பாவமும் இல்லன்னீங்க. அன்னிக்கிதான் சார் வயிறாரச் சோறு துன்னேன்.

— அவ ஏன் முட்டிக்கிறான்னும் கண்டுபிடிச்சோமா இல்லையா?

— புடிச்சோம். அது முட்டிகினா நா தறிய வுட்டு ஓடியாந்து மடியில போட்டுக்குவேன். அத்துக்கோசரந்தான் முட்டிக்குதுன்னீங்க.

— அதனாலதான் சொன்னேன். முட்டிக்கிறப்ப கிட்டப் போகாதீங்க, திரும்பிப் பாக்காதீங்க, பேசாதீங்க. உங்கள மாதிரி யாரும் ஒழுங்கா செய்யல. சேவூர்ல ஒரு குடும்பம் ரெண்டாம் நாளே விட்டுட்டாங்க.

— அவங்களுக்குக் காது நல்லாக் கேக்குது போல.

— கஷ்டம்தாம்மா. எனக்குத் தெரியும்.

— இன்னா சார் தெரியும்? மொத வாரம் இன்னும் ஜாஸ்தியா முட்டிகிச்சி. அப்பிடித்தான் ஏறும், அப்பால எறங்கும்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டீங்க. நா தறிக்குழியில கால வெச்சிகினு நெய்யறேன். பின்னால நங்கு நங்குன்னு செவுத்துல சத்தம். அது என்னத்தான் பாத்துகினு கீதுன்னு எனக்குத் தெரியும். எழை மேல எழை அறுந்து போவுது. ஆனா திரும்பல.

— எறங்கிச்சில்ல?

— எறங்கிச்சி.

— ஒண்ணு கவனிங்க, இதோட முடியல. அடுத்து, பேச்சு வராட்டியும் கை சாடை சொல்லித் தரணும். தண்ணி வேணும், வலிக்குது, அம்மா வா... இந்த மாதிரி. அது ரெண்டாங்கட்டம். அடுத்த மாசம் ஆரம்பிச்சுடலாம்.

— அத்த மொதல்ல சொல்லிக் குடுத்திருக்கணும் சார்.

— ஏம்மா? என்ன ஆச்சு? குணா எங்க?

— பின்னால படுத்துகினு கீது. நடக்க முடியல.

— நடக்க முடியலையா?

— ஞாயித்துக்கெழம பட்டு நூலு வேக வெக்கறதுக்கு சோப்புத் தண்ணி காய வெச்சிருந்தேன். தளதளன்னு கொதிச்சிகினு இருந்திச்சி. நா தறியில குந்திகினு இருந்தேன். அது போயி அண்டாவ இழுத்துடுச்சி, தறி சத்தத்துல எனக்குக் கேக்கல. ரெண்டு காலும் வெந்து போச்சி.

— அய்யய்யோ! ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?

— போனோம். கட்டு போட்டு அனுப்பிட்டாங்க. தழும்பு போவாதாம். நடக்குமான்னு அப்பாலதான் தெரியுமாம்.

— எப்படிக் கத்தியிருக்கும் அந்தக் கொழந்த...

— கத்தல சார். தலையும் முட்டிக்கல. நா ரொம்ப நேரங்கழிச்சி தண்ணி குடிக்க எழுந்து வந்து பாக்கறேன், அந்த ஈரத்துலயே குந்திகினு கீது. தோலு உரிஞ்சி தொங்குது. கண்ணுல தண்ணி கொட்டுது. வாயத் தொறக்கல.

— நாலு எட்டு தூரத்துல நீங்க இருந்திருக்கீங்க. அது அவளுக்குத் தெரியும். அவ்வளவு வலியில ஏம்மா உங்களக் கூப்புடல?

— ரெண்டு மாசமா நாம அத்தத்தானே சார் அதுக்குக் கத்துக் குடுத்தோம்.