ஆறு அங்குல மேடு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சமதரை என்று சொன்னால், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களம் ஒன்றுதான். மற்றதெல்லாம் ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் வாசல் பார்வைக்குச் சமமாகத்தான் தெரியும். மழை பெய்தால், எதிரே, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவின் சுவரடியிலிருந்து தண்ணீர் எங்கள் வாசலுக்கு ஓடிவரும். அதைத் தினமும் கூட்டித் தள்ளுகிறவளுக்கு எது மேடு என்று தெரியும்.

என் கணவர் அழகுமுத்து தன் வேனுக்கு ஹட்டனில் எல்.இ.டி. பல்புகள் வாங்கி வந்து மாட்டினார். வெளிச்சம் சரியான உயரத்தில் விழாவிட்டால் எதிரே வருகிறவரின் கண்ணைப் பறித்துவிடும். அதற்கான முறையைக் கைப்பேசியில் பார்த்தார். சமதரையில், சுவருக்கு இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்த வேண்டும். விளக்கின் உயரத்தை அளந்து அதே உயரத்தில் சுவரில் கோடு போட வேண்டும். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே நிற்கும்வரை விளக்கின் பின்னால் உள்ள திருகைத் திருப்ப வேண்டும். நல்ல முறை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பிக்கிறேன், உடனே புரிந்தது.

கருக்கலில் வேனை வாசலில் நிறுத்திவிட்டு, பிள்ளைக் காம்பராச் சுவரில் என்னைக் கோடு போடச் சொன்னார்.

"சுவத்தோரம் மேடுங்க," என்றேன். "ஆறு அங்குலமாவது இருக்கும். கோட்டை அவ்வளவு எறக்கிப் போடணும்."

அவர் பக்கத்து வீட்டுச் சிவசாமியைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியாடா? டீச்சரம்மா கரும்பலகைய வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டாங்க."

"பாத்துண்ணே, பெயிலாக்கிடப் போறாங்க," என்றான் அவன்.

பதினொரு வருடங்களாக இதே சிரிப்புதான். அவர் குடிக்கிறவர் இல்லை, என்னைக் கைநீட்டி அடித்ததும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் காட்டிய இடத்தில் கோடு போட்டேன்.

நான்காம் நாள் செல்லசாமி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்; பின்னேரம் மனைவி காளியாயியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, வேன் வருகிற பாதையில்தான் வீடு திரும்புவார்.

"டீச்சர், அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. பனிக்குள்ள அந்த லைட்டு வந்தா எங்களுக்கு ரோட்டே தெரிய மாட்டேங்குது."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. என் கணவராகவே என்னிடம் கேட்கட்டும் என்று இருந்தேன்.

இரண்டாம் வாரம் கேட்டார். சோற்றைப் பிசைந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல். "எதிர்ல வாறவனெல்லாம் லைட்ட அடிச்சுக் காட்டுறான். நீ சொன்ன மாதிரி மேடா இருக்குமோ? ஒருக்கா அளந்து பாரு."

டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். சுவரடியில் சற்று நேரம் நின்றேன். திரும்பி வந்து, "சரியாத்தாங்க இருக்கு," என்றேன்.

ஏன் என்று நானும் யோசித்திருக்கிறேன். அன்றைக்குத் திருத்தியிருந்தால் திருகை நாலு சுற்றுச் சுற்றுவதோடு முடிந்திருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்ததை அவர் மறந்தே போயிருப்பார். மறக்க முடியாத அளவுக்கு அவர் செய்தது தவறாக வேண்டும் என்று விரும்பினேன். அது எவ்வளவு என்று மட்டும் நான் கணக்குப் போடவில்லை.

ஐந்து நாள் கழித்து, மாலை ஆறு மணிப் பனியில், கண் கூசிய செல்லசாமி வளைவில் வேனுக்கு நேரே வந்துவிட்டார். மேலே அடித்த வெளிச்சம் பனியில் பட்டு வெள்ளையாகத் திரும்பியதில் என் கணவருக்கும் எதிரே ஒன்றும் தெரியவில்லை. செல்லசாமி அங்கேயே இறந்தார். காளியாயி இரண்டு நாள் கிடந்து இறந்தார்.

நீதிமன்றத்தில் வேனின் விளக்கைப் பற்றி நீதவான் கேட்டபோது என் கணவர் கைகட்டி நின்று சொன்னார்: "என் சம்சாரம் அன்னைக்கே மேடுன்னு சொல்லுச்சுங்கய்யா. அது சொன்னதுதான் சரி. நான்தான் கேக்கல."

பிறகு என்னை அளந்து பார்க்கச் சொன்னதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. மறந்திருக்க முடியாது. என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

ஏதாவது சொல்ல வேண்டுமா என்று வழக்கறிஞர் என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். நான்கு வருடம் சிறை என்று தீர்ப்பானது. நான் சொன்னது சரி என்று நாலு பேர் முன்னால் அவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.