ஒரு துளியும் வெளியே போகவில்லை

பல் டாக்டரிடம் வாய் கொப்பளித்துத் துப்பும் தண்ணீர் எங்கே போகிறது என்று இதுவரை என்னிடம் ஒரு நோயாளிகூடக் கேட்டதில்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள், மேடம். அதில் தவறில்லை. வலியோடு வருகிறவர்களுக்கு வலி போனால் போதும். ஆனால் உங்கள் விசாரணையை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் ஒழுங்காகப் புரியும்.

என் கிளினிக் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறது. நடுவயதைத் தாண்டியவர்கள் பலருக்குக் கடைவாயில் சாம்பல் நிற அடைப்பு ஒன்று இருக்கும். வெள்ளி அடைப்பு என்பார்கள். பெயர்தான் வெள்ளி, ஏறக்குறையப் பாதி பாதரசம். வெள்ளியும் வெள்ளீயமும் செம்பும் கலந்த பொடியில் பாதரசத்தை விட்டுக் குழைத்தால் வெண்ணெய் போல வரும். பல்லில் வைத்ததும் கல்லாக இறுகிவிடும். இப்போது நாங்கள் அதை அதிகம் வைப்பதில்லை. பழையதைக் குடைந்து எடுப்பதுதான் வேலை. அந்தத் தூள் எச்சிலோடு கலந்து உறிஞ்சுகுழாயில் போகிறது. குழாயிலிருந்து சாக்கடை, சாக்கடையிலிருந்து திருமணிமுத்தாறு, பிறகு நாமக்கல் பக்கம் போய்க் காவிரி. ஆற்றுச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை இன்னும் கொடிய பொருளாக மாற்றும். அது மீனுக்குள் போகும். மீன் குழம்புக்குள் போகும்.

இதைத் தடுக்க ஒரு கருவி இருக்கிறது. செப்பரேட்டர் என்று பெயர். வாளி அளவுதான் இருக்கும். ஓடிவரும் தண்ணீரை அதற்குள் மெதுவாக்கினால் கனமான தூள் கீழே படியும். தெளிந்த தண்ணீர் மேலாக வெளியேறும். வாய்க்கால் தண்ணீர் வண்டலை எங்கே விடுகிறது என்று பார்த்திருப்பீர்கள். வேகம் குறைகிற இடத்தில்தானே? அதே கணக்கு. முதலில் என் கிளினிக்கில் மாட்டினேன். பிறகு ராசிபுரம், திருச்செங்கோடு என்று ஒவ்வொரு டாக்டராகப் போய்ப் பேசி மாட்டவைத்தேன். எங்கள் வட்டாரப் பல் டாக்டர்கள் கூடி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் படம் என் அறையில் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் பிடிப்பது பாதி வேலைதான். பிடித்ததை என்ன செய்வது? முறைப்படி வாங்கிக்கொள்ளும் நிறுவனத்தை அழைத்தால், "இத்தனூண்டுக்கு வண்டி அனுப்ப முடியாது சார், சேரட்டும்" என்றார்கள். தூள் அடைத்த எல்லா ஊர் டப்பாக்களும் என் பின்னறைக்கு வந்தன. அறைச் சூட்டிலேயே பாதரசம் மெல்ல ஆவியாகும் என்பதால் தூளின் மேல் தண்ணீர் நிற்கும்படி வைத்து இறுக மூடினேன். எனக்கு உதவியாக இருக்கும் கலைமணியைக் கையுறை இல்லாமல் தொட விட்டதில்லை.

யோசனையைச் சொன்னவள் அவள்தான், விளையாட்டாக. "இத்தன வெள்ளியத் தண்ணிக்குள்ள ஊறப் போட்டு வெச்சிருக்கறீங்களே டாக்டர், எங்க மாமா பாத்தா அழுதுருவாரு" என்றாள். அவளுடைய அக்கா சித்ராவின் கணவர் சென்னியப்பன், சிவதாபுரத்தில் வீட்டிலேயே வைத்திருக்கும் பட்டறையில் வெள்ளிக் கொலுசு செய்கிறவர்.

நான் அந்தப் பட்டறையைப் பார்க்கப் போனேன். பார்த்ததும் மகிழ்ந்துபோனேன். கொலுசுப் பட்டறையில் குப்பை என்று ஒன்று கிடையாது. அரம் போட்ட தூள், கூட்டிய மண், கை கழுவிய தண்ணீரின் வண்டல், உட்கார்ந்து பழசான சாக்கு, எல்லாவற்றையும் சேர்த்து வைத்து உருக்கி வெள்ளியைத் திரும்ப எடுப்பார்கள். வேலை நேரத்தில் விசிறி சுற்றாது, ஜன்னல் திறக்காது. காற்று அடித்தால் தூள் பறந்துவிடும் என்ற பயம். எதையும் வெளியே போக விடாத ஓர் அறை. நான் பல வருடங்களாக ஊர் ஊராகப் போய்ச் சொல்லிவந்த தத்துவம் அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

சென்னியப்பன் டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல ரசம் இருக்குதுங்களா டாக்டர்?"

தொழில் தெரிந்தவர். நியாயமான கேள்வி.

"இருந்தது. பல்லுக்குள்ள வெச்சதும் வெள்ளியோட சேந்து கட்டிப்பட்டுருச்சு. எத்தன பேரு வாயில வெச்சுக்கிட்டே இட்லி சாப்படறாங்க" என்றேன்.

"அப்ப வாயில வெக்கறத வாய்ல வெக்காம உருக்குனா செரியாப் போச்சு" என்று சிரித்தார்.

நான் சொன்னது பொய் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இறுகிய அடைப்பிலிருந்து பாதரசம் சுலபத்தில் பிரியாது, சூடாக்கினால் தவிர. சூடாக்குவதுதான் அவர் வேலை என்பதை மட்டும் நான் சேர்த்துச் சொல்லவில்லை.

அது எப்படிப் பிரிகிறது என்று சொல்கிறேன். பாதரசம் முந்நூற்று ஐம்பத்தேழு டிகிரியில் கொதித்துவிடும். வெள்ளி உருக அதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலே சூடு வேண்டும். ஆகவே மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில், போட்டு அடுப்பை மூட்டினால் ஒன்று எழுந்து போய்விடும், ஒன்று தங்கிவிடும். தங்கிய வெள்ளியில் பாதி அவருக்குக் கூலி. மீதியை விற்று, வசதியில்லாத கிளினிக்குகளுக்குச் செப்பரேட்டர் வாங்கிக் கொடுத்தேன். நான் அதில் ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

ஒருநாள் நான் டப்பா கொடுக்கப் போனபோது அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "நெஞ்சு அடைக்கறாப்புல இருக்குதுங்க. இத உருக்கறப்ப மட்டும் அந்த ஜன்னலக் கொஞ்சம் தொறந்துக்கறனுங்களே" என்றார்.

"தூள் போயிருமேங்க சென்னியப்பன்" என்றேன்.

"அதுவும் நெசந்தானுங்க" என்று அவரே எழுந்து கொக்கியைப் போட்டார்.

இந்த இடத்தில் நீங்கள் என்னை மறுபடி மறுபடி நிறுத்துகிறீர்கள். விளக்குகிறேன். ஜன்னல் வழியாகப் போகும் ஆவி எங்கேயும் மறைந்துவிடாது. மேலே போகும், ஒருநாள் மழையோடு இறங்கும், மழைத்தண்ணீர் அதே திருமணிமுத்தாற்றுக்குத்தான் வரும். பிறகு நான் பாடுபட்டதற்கு என்ன அர்த்தம்? எந்தச் செப்பரேட்டருக்கும் கடைசியில் ஒரு டப்பா வேண்டும். நுரையீரல், உள்ளே இழுக்கும் பாதரச ஆவியில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் கருவி அளவுக்கு இல்லை. ஆனாலும் மோசமில்லை.

பிறகு சித்ரா அவரை என் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். பல் ஆடுகிறது என்று சொன்னார்கள்.

"சோத்தக் கரைச்சுத்தானுங்க குடிக்கறாரு. எச்சி ஒழுவிக்கிட்டே இருக்குது. கையி வேற ஆடுதுங்க, கொலுசுல ஒரு முத்துப் பத்தவைக்க முடியல. ஆராச்சும் கதவத் தட்டுனா அழுவறாரு டாக்டர். இவரு அப்படிப்பட்ட ஆளே இல்லீங்க."

"அவ கெடக்கறா" என்றார் சென்னியப்பன், வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு. "ஊர்ப் பல்லையெல்லாம் உருக்குனனுங்களா, எம்பல்லும் கூடவே கெளம்பிருச்சு."

வாயைத் திறக்கச் சொல்லி விளக்கை இறக்கினேன். ஈறுகள் வீங்கிச் சிவந்திருந்தன. உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருந்தது. முன்பற்கள் விரல் பட்டால் அசைந்தன. இந்த வாயை நான் அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை, பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். படத்தில் இருந்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

"ஈறு நோய்" என்றேன். "வெத்தல பாக்கு போடறதக் கொறைங்க."

"வெத்தலையே போடறதில்லீங்களே."

"அப்ப நல்லா வெளக்குங்க."

ஆடிய பற்களில் இரண்டைப் பிடுங்கினேன். பணம் வாங்கவில்லை. கை ஆடுவதால் இனிமேல் உருக்கும் வேலையை மட்டும் செய்யுங்கள், அதற்கு நுணுக்கம் வேண்டியதில்லை என்று யோசனையும் சொன்னேன். கொலுசு வேலை நின்றுபோய் வீட்டில் கஷ்டம் என்று சித்ரா சொல்லியிருந்தார். அது உதவியாகத்தான் இருந்தது. அடுத்த தடவை டப்பா கேட்டு அவர்களே போன் செய்தார்கள்.

கடைசியாக நாமக்கல் பக்கத்து டப்பாக்கள் மொத்தமாக வந்துசேர்ந்தன. அனைத்தையும் அவர் ஒரே மூச்சில் உருக்க உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அது அவர்கள் பழக்கம். சித்ரா கதவைத் தள்ளித் திறந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாராம். ஆஸ்பத்திரியில் நிமோனியா என்று வைத்தியம் பார்த்தார்கள். நுரையீரல் வேலை செய்யவில்லை. நான் அங்கே போனேன். அடுப்பில் எதைப் போட்டார் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அங்கேயே இறந்துபோனார்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்த கலைமணி பின்னறை வாசலிலேயே நின்றாள்.

"கையுறை போடாம என்னத் தொட விடமாட்டீங்களே டாக்டர். எங்க மாமாகிட்ட மட்டும் எப்படிங்க குடுத்தீங்க?"

அவள் அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். நல்ல பெண். அவள் சொன்னதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. வாயைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். அன்று நிறுத்தியிருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும் என்பதும் தெரியும். நிறுத்தியிருந்தால் டப்பாக்கள் தேங்கியிருக்கும், டாக்டர்கள் சலித்துப்போய்க் கருவியைக் கழற்றியிருப்பார்கள், தூள் பழையபடி ஆற்றுக்குப் போயிருக்கும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் தனியாகச் சேர்க்க வேண்டும். நான் பிடுங்கிய இரண்டு பற்களில் ஒன்றில் பழைய வெள்ளி அடைப்பு இருந்தது. பல டாக்டர்கள் அப்படிப்பட்ட பல்லை ஆஸ்பத்திரிக் குப்பையோடு எரிக்க அனுப்பிவிடுவார்கள். எரித்தால் பாதரசம் காற்றில் கலந்துவிடும். நான் அப்படிச் செய்யவில்லை. அதைத் தனியாக எடுத்து, தண்ணீர் விட்டு, டப்பாவில் போட்டு மூடி, சென்னியப்பனிடம்தான் கொடுத்து அனுப்பினேன். அலட்சியம் என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள், மேடம்.