கூரையில்லாத வீட்டுக்கு வந்த விருந்தாளி

…அப்படி எழுதிட்டுப் போயிட்டாரு தம்பி, உங்களுக்கு முன்னாடி வந்த ஆபீசரு! 'குடியிருக்கத் தக்க வீடு, உதவி தேவையில்லை.' குடியிருக்கத் தக்க வீடாம்! அப்ப நாங்க என்ன ஆசைப்பட்டா பள்ளிக்கூட முகாம்ல, பெஞ்சுக்கு அடியில படுத்துக் கிடக்கோம்? மேல மனு குடுத்து, கெஞ்சிக் கூத்தாடி, இன்னைக்கு உங்கள அனுப்பியிருக்காங்க. உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி இல்ல… அதுக்குக் கால் ஆடும்.

நான் கேக்கறேன், கூரைய நாங்களா கழட்டினோம்? ரெண்டு அரசாங்கமும் சண்டை போட்டுச்சு, குண்டு எங்க அடுப்படியில விழுந்துச்சு. அப்புறம் சமாதானம்னு கையக் குலுக்கிக்கிட்டாங்க. நல்லாயிருக்கட்டும்! குலுக்கின கையோட ஒரு கூரையும் போட்டுக் குடுத்தா என்னவாம்? பிச்சையா கேக்கறோம்? நான் பக்கத்து வீட்டு ஜன்னல ஒடைச்சா சும்மா விடுவாங்களா?

பக்கத்து வீடுன்னதும் வயிறு எரியுது… அந்தத் தையக்காரர்! அவருக்கு எல்லாம் வந்துருச்சு தம்பி. சிமெண்டு, கூரைத் தகடு, எல்லாம்! 'கதவுகூட இல்லாத வீடு'ன்னு எழுதினாராம் அதே ஆபீசரு. கதவு எப்படி இருக்கும்? அவரு கதவு அன்னைக்கு இங்கதானே இருந்துச்சு!

அட, நான்தான் இரவல் வாங்கியாந்தேன். பெரிய மனுசர் வர்றாரு, கதவில்லாத வாசல்ல நின்னு எப்படி வாங்கன்னு சொல்றது? எங்க வீட்டுக்காரரு தலையில அடிச்சுக்கிட்டாரு. 'அவரு பாக்க வர்றதே இடிபாட்டத்தான்டி!'ன்னாரு. அவருக்கென்ன, ஆம்பள. அந்த ஆபீசரு வீட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட, 'ஒரு அம்மா வீட்ட எப்படிப் போட்டு வச்சிருக்கா தெரியுமா'ன்னு சொன்னா யாருக்கு அவமானம்? செங்கல்லெல்லாம் பொறுக்கி அடுக்கினேன். மேல பூப்போட்ட துணிய இழுத்துக் கட்டினேன். கட்டில்கூட இரவல் வாங்கிப் போட்டேன். டீயக் குடிச்சுட்டு, 'வீட்ட நல்லா வச்சிருக்கீங்கம்மா'ன்னாரு. எனக்கு அப்படியே பூரிச்சுப் போச்சு. பாவி… அதையே எழுதிட்டுப் போயிட்டாரு!

பள்ளிக்கூடம் தொறக்கணும்னு இந்த மாசக் கடைசியில முகாமை மூடறாங்க தம்பி. மழைக்காலம் வேற வருது. நீங்க எழுதறதுலதான் இருக்கு. அதான் எங்க வீட்டுக்காரருகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்தேன், இந்தத் தடவை ஒரு செங்கல்லையும் தொட மாட்டேன்னு. தொடல தம்பி! சுண்ணாம்பு மட்டும் அடிச்சேன். லேசா.

என்ன, அண்ணாந்து பாக்கறீங்க? தகடா? அது… தையக்காரரோடது. அவருக்கு வந்ததுல மிச்சம். வெயில்ல உக்கார வைக்கிறதாவது உங்கள, அதான்… ஏன் எழுந்துட்டீங்க? பேனாவ எடுக்காதீங்க தம்பி! டீயாவது…

ஏங்க! எங்க போய்த் தொலைஞ்சீங்க? ஏணிய எடுத்துட்டு வாங்க! அந்தத் தகட்டக் கழட்டுங்க, சீக்கிரம்… தம்பி தலையில நல்லா வெயில் படட்டும்!