மூட்டத்துக்குள் கேட்ட சைக்கிள் மணி

பெயர் வாவு முகம்மது, வயது ஐம்பத்தெட்டு, த/பெ காலஞ்சென்ற செய்யது இபுராகிம், வடக்குத் தெரு, திருப்பாலைக்குடி, இராமநாதபுரம் மாவட்டம். படகு இன்ஜின் பழுது பார்க்கும் தொழில் செய்து வருகிறேன். என் தங்கை ஹமீதா பானு தன் ஒரே மகன் சஃபீர், வயது இருபத்தேழு, என்பவனை மலையில் காணவில்லை என்றும், கடைசியாக அவனோடு இருந்தவன் நான்தான் என்றும், நான் எதையோ மறைக்கிறேன் என்றும் கொடுத்த புகாரின் பேரில், இன்று காலை நிலையத்தில் ஆஜராகி, இன்ஸ்பெக்டர் முன்னிலையில், ஏட்டு பூமிநாதன் எழுத, நான் சொல்லும் வாக்குமூலம்.

நான் சொல்லப்போவதை இந்தக் கடற்கரையில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று படைத்தவன் மேல் ஆணையிட்டு முதலிலேயே உறுதி கூறுகிறேன். நம்பும்படி சொல்லத் தெரிந்தவன் என்றால் என்னை ஏன் இந்த ஊர் ‘புயல் பாய்’ என்று கூப்பிடப்போகிறது? நான் ஓமான் நாட்டில் வேலை பார்த்த காலத்தில் அங்குள்ள மலைகளையெல்லாம் சைக்கிளிலேயே ஏறி இறங்கினேன் என்றும், ஒரு மலை எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது என்றும் ஊரில் பலமுறை சொல்லியிருக்கிறேன். என் தங்கை மட்டும் அதை நம்பினாள். இந்த வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

சஃபீர் கத்தாரிலிருந்து வந்தபோது தூரப் பயணத்துக்கென்றே செய்த சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தான். முன்னும் பின்னும் இருபக்கமும் பைகள் மாட்டி, கூடாரமும் அடுப்பும் வைத்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம். அந்தச் சைக்கிளில் எல்லாம் இருந்தது, மணி மட்டும் இல்லை. என் பழைய சைக்கிளில் இருந்த பித்தளை மணியைக் கழற்றி நானே மாட்டிவிட்டேன். விளிம்பு வெடித்த மணி. அடித்தால் முதலில் கிணுங்கென்று தொடங்கி, முடிவில் தொண்டை கட்டிய ஆள் இருமுவதுபோல் கர்ரென்று நிற்கும். அப்படி ஒரு மணி உலகத்தில் வேறு கிடையாது. இதை ஏட்டு ஐயா கோடிட்டு எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பின்னர் சஃபீர், வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊரிலிருந்து அது பிறக்கும் வருசநாட்டு மலை வரை சைக்கிளில் போகப்போவதாகச் சொன்னான். தங்கை அண்ணனான என்னிடம் வந்து, “காக்கா, ஒத்தையில விடமாட்டேன். நீங்கதான் ஓமான் மலையையே பார்த்தவுக, கூடப் போயிட்டு வாங்க” என்றாள். நான் ஊரார் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாதவனாக, அவன் நண்பன் இஃப்திகாரின் கியர் சைக்கிளை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

சமவெளியில் ஓட்டியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மானாமதுரை தாண்டும்போது என் வேகத்தில் ஒரு ரயில் வெட்கப்பட்டுப் பின்தங்கியது. மலையடிவாரத்தில் கடைசி ஊரில் டீக்கடை வைத்திருக்கும் ராக்கு என்ற அம்மாள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுச் சஃபீரிடம், “தம்பி, இந்தக் கழுதைப் பாதையில ஏறுனவக ஏறிருக்காக. எறங்குனவகளத்தான் காணோம்” என்றார். பிறகு சிரித்தார். சஃபீரும் சிரித்தான். அவர் கடை நாய் மட்டும் எங்கள் பின்னாலேயே வந்து, பாதை மரங்களுக்குள் நுழையும் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பிஸ்கட்டை நீட்டியும் அதற்கு மேல் ஓர் அடி வரவில்லை.

அதன் பின்னர் ஏறினோம். அது முன்பு எஸ்டேட்டுக்குக் கோவேறு கழுதைகள் சுமை ஏற்றிப்போன பாதை. உருளும் கற்களும் வேரும் தவிர வேறு எதுவும் கிடையாது. செங்குத்து எப்படியென்றால், மிதிக்கும்போது என் முன்சக்கரம் என் நெற்றியில் இடித்தது. திரும்பிப் பார்த்தால் பாம்பன் பாலம் தெரிந்தது, அதில் போன ரயிலில் ஜன்னலோரம் இருந்தவர் எனக்குக் கையசைத்தார். அட்டைகள் விலாங்கு மீன் அளவில் இருந்தன. கரையேற்றிப் போட்ட விசைப்படகு போன்ற யானை ஒன்று குறுக்கே நின்றது. நான் அதனிடம் கண்ணியமாகப் பேசி அனுப்பிவைத்தேன்.

இவ்விடத்தில் ஏட்டு பூமிநாதன், “பாய், யானையை எழுதவா, விட்டுறவா?” என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.

சஃபீர் எல்லாவற்றிலும் சிறிய பல்சக்கரத்தில் சங்கிலியைப் போட்டு, பைகளோடு நத்தைபோல் ஏறினான். நான் பெரும்பாலும் தள்ளினேன். உச்சியில் ஒரு பாறை இடுக்கில் நீர் கசிந்துகொண்டிருந்தது. அவன் அதைக் கையில் பிடித்துக் குடித்துவிட்டு, “மாமா, நம்ம ஊருக்கு வாரதுக்குள்ள இது எங்கிட்டு போயிருது?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியாமல் போனதை அவன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

இறங்கத் தொடங்கியபோது என் பிரேக்குகள் சூடேறிப் பிடிக்காமல் போயின. நான் யோசனை செய்து, நைலான் கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிப் பின்னால் இழுபடவிட்டேன். காற்றில் படகு ஓடிவிடாமல் நங்கூரத்தை இழையவிடுவதுபோல. கட்டை கற்களில் மோதி எகிறி என் முதுகிலேயே வந்து அடித்தது. சஃபீர் விழுந்து விழுந்து சிரித்தான். “மாமா, இது கடல் இல்ல மாமா! தள்ளிக்கிட்டு வாங்க, நான் முன்னால போய் நிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, பெடலில் எழுந்து நின்று, உடம்பைப் பின்னால் தள்ளி, பைகள் குலுங்க இறங்கிப்போனான். நான் அவனைக் கண்ணால் கண்டது அத்துடன் சரி.

அதன் பின்னர் பனிமூட்டம் வந்தது. மேலிருந்து வரவில்லை, பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. அதுவரை கத்திய பறவைகள் ஒரே நேரத்தில் நின்றன. என் கைப்பிடி எனக்குத் தெரியவில்லை. கீழே எங்கோ கல்லில் டயர் அறைபடும் சத்தமும், கற்கள் உருளும் சத்தமும், கிளை முறியும் சத்தமும் கேட்டன. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நான் கட்டையின் கயிற்றை அறுத்துவிட்டு, சைக்கிளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே நகர்ந்து, சத்தம் கேட்ட வளைவுக்குப் போனேன். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் பள்ளம், பள்ளத்துக்கு அக்கரையில் பெரிய மொட்டைப் பாறைச் சுவர். மூட்டம் விலகிய கணத்தில் அதைக் கண்டேன். பாதை விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே புதர்தான் தெரிந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

பிறகு மணி கேட்டது. கிணுங்கென்று தொடங்கிக் கர்ரென்று நின்றது.

எங்கள் கடலில் மூட்டம் விழுந்தால் ஒரு வழக்கம் உண்டு. வழி தவறிய படகுக்காரன் தொண்டை கிழியக் கத்தமாட்டான். நகரவும்மாட்டான். இருந்த இடத்திலேயே சட்டியையோ தகரத்தையோ தட்டுவான். தேடுகிறவன் கேட்டதும் திருப்பித் தட்டுவான். திருப்பித் தட்டிவிட்டால், ‘உன்னைக் கண்டுகொண்டேன், வருகிறேன், அசையாதே’ என்று பொருள். அதற்குப் பிறகு அவன் அசையமாட்டான். விடியும்வரை ஆனாலும் அசையமாட்டான். சஃபீருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

நான் என் சைக்கிள் மணியைத் திருப்பி அடித்தேன். அவன் மறுபடி அடித்தான். நான் மறுபடி அடித்தேன்.

சத்தம் அக்கரைப் பாறைச் சுவரிலிருந்து வந்தது. கடலில் இத்தனை வருடம் கேட்ட காது, சத்தம் வரும் திசையை விரலால் தொட்டுக்காட்டும் காது என்று எனக்கு நிச்சயம். மூட்டத்தில் பள்ளத்தைத் தாண்ட வழியில்லாததால், ஆள் கூட்டிவரக் கீழே ஓடினேன். நான் ஓட ஓட மணி முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு தூரமாகிவிட்டது.

மறுநாள், அதாவது நேற்று, வனத்துறை ஆட்களும் ஊர்க்காரர்களும் வந்தார்கள். அவர்களிடம் நான் சொன்னதை இப்போது சொல்கிறேன். யானை துரத்தியது என்றேன். சிறுத்தை பார்த்தது என்றேன். வளைவுக்குப் போனதும், மணிச்சத்தம் கேட்டேன் என்று சொன்னால் யார் மதிப்பார்கள் என்று நினைத்து, “கண்ணால கண்டேன், அந்தா அந்தப் பாறைக்கு அடியில, அவன் மஞ்சப் பை கிடந்து மினுங்குச்சு” என்றேன். கேட்டதைக் கண்டதாக ஆக்கினேன். அவர்கள் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு அக்கரைப் பாறை அடிவாரம் முழுக்கத் தேடினார்கள். பையும் இல்லை, ஆளும் இல்லை. நேற்று மணியும் கேட்கவில்லை. அவர்களில் மூத்தவர் என்னிடம், “பெரியவரே, யானையும் இல்ல, சிறுத்தையும் இல்ல, பையும் இல்ல. பையன் வேற வழியில எறங்கி வீட்டுக்குப் போயிருப்பான். நீங்களும் போங்க” என்று பேருந்தில் ஏற்றிவிட்டார். தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

இன்று காலை வீட்டு வாசலில் தங்கை என்னைப் பார்த்தாள். “என் பிள்ளையை எங்கன வச்சுட்டு வந்தீக?” என்று மட்டும் கேட்டாள். அதன் பின்னர் இங்கு வந்து புகார் கொடுத்தாள். இப்போது நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என் பக்கம் திரும்பவில்லை.

சற்று முன், இதுவரை எழுதிய கைவலியில் ஏட்டு எழுந்துகொள்ள, அவரோடு நானும் நிலையத்து வாசலில் நின்றிருந்தேன். மீன்காரர் வண்டியின் ஹாரன் எதிரே புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் பக்கமிருந்து கேட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பி வண்டியைத் தேடினேன். அங்கே வெறும் சுவர். ஏட்டு பூமிநாதன் சிரித்துக்கொண்டு, “பாய், அங்கன இல்ல, இங்கன. உங்க காலடியில நிக்கிறாரு பாருங்க. அந்தக் கட்டடம் கட்டுனதுலருந்து இப்படித்தான்” என்றார். மீன்காரர் நான் நின்ற படிக்கட்டுக்கு நேர் கீழே, பள்ளத்து ரோட்டில் நின்றிருந்தார்.

உடனே உள்ளே ஓடிவந்து மீதியைச் சொல்கிறேன். கடலில் சுவர் கிடையாது. சத்தம் போய் மோதித் திரும்பிவர அங்கே ஒன்றும் கிடையாது. இது கடல் இல்லை என்று அவன் சொன்னானே. மருமகன் அக்கரையில் இல்லை. நான் நின்று மணி அடித்த அந்த வளைவுக்கு நேர் கீழே, விளிம்புக்கு அடியில் உள்வாங்கிய இடத்தில், புதருக்குள் இருக்கிறான். அவன் அடித்த மணி எதிர்ச்சுவரில் மோதி எனக்கு வந்திருக்கிறது. நான் அவன் தலைக்கு மேல் நின்றுகொண்டு அக்கரையைப் பார்த்திருக்கிறேன். நேற்று அத்தனை பேரும் அவன் தலைக்கு மேல்தான் நடந்தார்கள்.

நான் திருப்பி அடித்திருக்கிறேன். ஆகையால் அவன் அசையமாட்டான். நான் வருவேன் என்று அங்கேயே இருப்பான். பையில் ரொட்டியும் தண்ணீரும் இருந்தன. நேற்று மணி ஏன் கேட்கவில்லை என்பதை யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்த வாக்குமூலத்தில் ரயில் வெட்கப்பட்டது பொய். பாம்பன் பாலம் பொய். அட்டை இருந்தது, விலாங்கு பொய். யானை பொய், சிறுத்தை பொய், மஞ்சள் பை பொய். ஓமானில் நான் சைக்கிள் ஏறியதே இல்லை. இவற்றை அடித்துவிடலாம். மணி கேட்டது மட்டும் உண்மை. அந்த ஒரு வரியை அடித்துவிடாதீர்கள். இதைப் படித்துக்காட்ட வேண்டாம், அந்த நேரத்தில் மலைக்குப் போன் போடுங்கள்.

(ஒப்பம்) வாவு முகம்மது

சாட்சி கேட்டுக்கொண்டபடி படித்துக் காட்டப்படவில்லை. இன்ஸ்பெக்டர் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். யானையை அடிக்கவில்லை, நேரமில்லை.

(ஒப்பம்) பூமிநாதன், ஏட்டு