வாசலைத் தாண்டாத பாட்டு

நாடகம் முடிந்து ஜனங்கள் கலையும்போது, அவர்களோடு சேர்ந்து வாசல்வரை நடப்பது எனக்குப் பிடிக்கும். யாருக்கும் என் முகம் தெரியாது. மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில், ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்று வாத்தியக்காரர்களை நடத்துகிறவன் நான். பாட்டுகளுக்கு இசையமைத்தவனும் நான்தான். முதுகை வைத்து யார் ஆளைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

எங்கள் முதலாளியும் வாசலில் நிற்பார், வேறு காரியமாக. வெளியே போகிறவர்களில் எத்தனை பேர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். இசை நன்றாக இருக்கிறதா என்பதற்கு அவரிடம் உள்ள ஒரே அளவுகோல் அதுதான். அந்த அளவுகோல் தப்பு என்று பல தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஐயா, நீங்களும், எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் உங்கள் எழுத்தரும் இந்த நாடகத்தைப் பார்த்ததில்லை என்றீர்கள். அதனால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் பாகத்தில் கதாநாயகி ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைப்பாள். அவ்வளவுதான் காட்சி. அந்த இடத்து இசை, அவள் விரல் தயங்கினால் தயங்கும், மூச்சு விட்டால் விடும். அறுநூறு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் ஒரு இருமல்கூடக் கேட்காது. வெளியே வந்து யாராலும் அதை முணுமுணுக்க முடியாது. பாட்டு அந்தக் காட்சியோடு கரைந்துவிடும், அதுதான் அதன் வேலை. நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான்.

நாடகத்தில் மொத்தம் பதினெட்டுப் பாட்டு. பதினேழு என்னுடையவை. பதினெட்டாவது மச்சானுடையது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எங்கள் குழுவின் சிரிப்பு நடிகர். எங்கள் மாடி அறையில்தான் தங்கியிருந்தார். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒத்திகையில் ஒருநாள் மேடைப் படிக்கட்டில் ஏறும்போது, சும்மா ஏறுவானேன் என்று வாய்க்கு வந்த மெட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே ஏறினார். ஏழெட்டுச் சுரம் இருக்கும். சாயங்காலத்துக்குள் தரை கூட்டுகிற அம்மா வரை எல்லோரும் அதைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதை நாடகத்தில் வைத்தே தீரவேண்டும் என்று முதலாளி ஒற்றைக் காலில் நின்றார்.

நாடகம் தொடங்கிய முதல் வாரத்திலேயே அந்த மெட்டு தெருவுக்கு வந்துவிட்டது. பேருந்தில் கேட்டேன். பல் மருத்துவர் என் வாயில் கருவியை வைத்துக்கொண்டே அதை முணுமுணுத்தார். நான் அப்போது எதுவும் பேசமுடியாத நிலையில் இருந்தேன்.

ஒருநாள் சாப்பிடும்போது மச்சான் சொன்னார். "மாப்ளே, உங்க பாட்டெல்லாம் ரொம்ப நல்ல பாட்டு. என்ன, வாசலைத் தாண்ட மாட்டேங்குது."

என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் அவள் துணி மடித்துக்கொண்டே அண்ணனுடைய மெட்டைப் பாடினாள். என் பாட்டு ஒன்று பாடேன் என்று கேட்டேன். "உங்களோடதெல்லாம் கேக்கத்தாங்க நல்லா இருக்கும். பாட வராது," என்றாள். சட்டையின் கையை மடித்து நேராக்கிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எனக்கு வலித்தது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் நான் செய்ததற்கு அது காரணமில்லை. காரணம் இசை பற்றியது.

மச்சானுடைய பாட்டு முடியும்போது அவர் மேடையிலிருந்து மறைந்து போவார். மேடைப் பலகையில் ஒரு சதுரக் கதவு இருக்கிறது. அதன்மேல் நின்றுதான் அவர் ஆடுவார். கீழே ஒருவர் இரும்புப் பிடியை இழுத்தால் கதவு திறக்கும், மச்சான் உள்ளே விழுவார், சக்கர வண்டியில் அடுக்கிய மெத்தைகள் தாங்கிக்கொள்ளும். ஜனங்கள் கைதட்டுவார்கள்.

கீழ்க்கதவுக்காரருக்கு மேலே நடப்பது தெரியாது. முதலில் அவருக்கென்று சுவரில் ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. அது எரிந்தால்தான் இழுக்க வேண்டும். ஒரு மாதத்தில் அந்த விளக்கு பீஸ் போனது. யாரும் மாற்றவில்லை. கேட்டதற்கு அவர், "பாட்டே சொல்லிடுதே சார், விளக்கு எதுக்கு?" என்றார். மெட்டு மூன்று சுற்று வரும். முதல் சுற்றில், உடை மாற்ற ஓடும் நடிகைகளுக்கு வழி விட்டு, பிடியைப் பிடித்தபடி சும்மா நிற்பார். இரண்டாவதில் வண்டியைத் தள்ளிக் கதவுக்கு நேர் கீழே நிறுத்துவார். மூன்றாவதின் முடிவில் மெட்டு மேலே ஏறி நிற்கும், மேளம் மூன்று தட்டு தட்டும். இழுப்பார்.

நான் எத்தனையோ வருடமாகச் சொல்லிவருவது இதைத்தான். ஞாபகத்தில் ஒட்டிக்கொள்ளும் மெட்டை யாரும் கேட்பதில்லை. அடுத்து வருவது தெரியும் என்பதால் காது தூங்கிவிடுகிறது. இதை முதலாளியிடம் வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அன்று பகல் காட்சி. தொடங்குவதற்கு முன் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு, மச்சானின் பாட்டு நீளமாக இருக்கிறது, இன்றிலிருந்து ஒரே சுற்று, உடனே முடிப்பு என்றேன். மச்சானிடமும் சொன்னேன். "நல்லதாப் போச்சு மாப்ளே, முட்டி வலிக்குது," என்றார். "கீழ சொல்லிட்டீங்களா?" என்றும் கேட்டார். நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

சொல்லவில்லை. நான் செய்தது அவ்வளவுதான்.

முதல் சுற்றின் முடிவிலேயே மெட்டு ஏறி நின்றது. மேளம் மூன்று தட்டு தட்டியது. கதவு திறந்தது. மச்சான் வழக்கம்போலத் தொப்பியைத் தூக்கிக்காட்டியபடியே உள்ளே போனார். ஜனங்கள் கைதட்டினார்கள். அடுத்த பாட்டுக்கு நான் கோலை உயர்த்தினேன், கீழிருந்து சத்தம் வரும்வரை ஒரு பாதிப் பாட்டு நடத்தியிருப்பேன்.

கால் உடையும் என்றுதான் நினைத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், எனக்கு அனுகூலமாக இருக்கும். ஆனால் முந்தின வாரமே நான் அந்த உயரத்தை அளந்து பார்த்திருந்தேன். பன்னிரண்டு அடி, கீழே சிமென்ட் தரை.

விசாரணையில், கீழ்க்கதவுக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு, "சார் சொன்னா சொல்லித்தான் இருப்பாரு. எனக்குத்தான் ஞாபகம் இல்ல. என் கைதான் இழுத்துச்சு," என்று அழுதார். பதினொரு நாளாக அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியின் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். நான் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

அவருக்காக இரக்கப்பட்டு வந்தேன் என்று நினைக்க வேண்டாம். நேற்று உங்கள் அறிக்கையைப் படித்தேன். 'மறதியால் நேர்ந்த மரணம்' என்று இருந்தது. அந்தச் சொல்தான் என்னை இங்கே இழுத்து வந்தது. மறதியால் அல்ல ஐயா, ஞாபகத்தால். மச்சானைக் கொன்றது அவருடைய மெட்டு. அதைக் கொல்ல வைத்தது நான். இதைத் திருத்தாவிட்டால் நான் செய்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

என் பாட்டு ஒன்றைப் பாடிக்காட்டச் சொல்லிக் கேட்கிறீர்கள். நியாயம்தான். கேட்காமல் எப்படி இரண்டையும் ஒப்பிடுவீர்கள்? அந்தக் கடிதப் பாட்டையே பாடுகிறேன், கண்ணை மூடிக்கொண்டால் நன்றாக வரும்.

பாடினேன். மூன்றாவது சுரத்தில், நாடகமே பார்க்காத உங்கள் எழுத்தர் என்னோடு சேர்ந்து பாடினார், பேருந்தில் கேட்ட அதே மெட்டை.