யார் கொடுத்த மானியம்

— மானியமா? எனக்கா? சார், இந்தக் கடைக்கு ஒரு தண்ணிக் குழாய் கேட்டு வார்டு ஆபீஸுக்கு நடந்தே என் தலை நரைச்சுப் போச்சு. எந்த கவர்மெண்ட் எனக்கு மானியம் குடுத்துச்சுன்னு அவனுவகிட்டயே கேட்டுச் சொல்லுங்க.

— கோவிச்சுக்காதேங்கோ முத்துசெல்வம். சேட்டோட கணக்குப் பாக்கற நான் சொல்லலை, அவா சொல்றா. சேட் அனுப்பற உங்க போல்ட் கப்பல்ல போய் எறங்கற நாட்டுல தீர்ப்பு வந்திருக்கு. இந்தியாவுலேந்து வர்ற ஸ்டீல் போல்ட் அடிமாட்டு விலைக்கு வர்றது, பின்னால சர்க்கார் பணம் இருக்கு, அதனால எங்க ஃபாக்டரியெல்லாம் மூடறோம்ங்கறா.

— தாராவில பொதுக் கக்கூஸை ஒட்டி ஒத்த லேத்த வச்சுக்கிட்டு நான் அவன் ஃபாக்டரிய மூடுதேனா! ஏ மாடத்தி, கேட்டியா சேதிய?

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சாருக்கு டீ ஆறுது.

— குடிக்கறேம்மா. நீங்கோ அந்த போல்ட்டுல நட்டை ஏத்தறதும் எறக்கறதுமா இருக்கேளே, கை வலிக்காதோ?

— மரை சரியா விழுந்திருக்கான்னு பாக்கணும்லா சார். ஒண்ணு இறுக்கிப் பிடிச்சாலும் சேட் மால் மொத்தத்தையும் திருப்பி விட்டுருவாரு. நீங்க பேசுங்க.

— இது முதல் தீர்ப்புதான். கடைசித் தீர்ப்புக்கு முன்னால ரெண்டு ஆபீஸர் நேர்ல வரா. தலோஜாவுல சேட்டோட ஃபாக்டரியைப் பாத்துட்டு, வியாழக்கிழமை இங்க. சேட்டுக்குப் போல்ட் பண்ணித் தர்றவா யாருன்னு உங்க பேரையும் எழுதிக் கொடுத்தாச்சு.

— வரட்டும். சந்துக்குள்ள வரும்போது தலைய மட்டும் குனிஞ்சுக்கிடச் சொல்லுங்க. கரண்டு வயர் தொங்குது.

— சேட் ஒரு வழி சொன்னார். கரண்ட் பில்லுல சலுகை கெடைச்சுதுன்னு நீங்கோ எழுத்துல ஒத்துண்டா போறும். வெலை ஏன் கொறைவுன்னு அவாளுக்குக் காரணம் கெடைச்சுடும். போல்ட் மேல சின்ன எறக்குமதி வரியோட விட்டுடுவா.

— வாங்காத காசை வாங்குனேன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

— முத்துசெல்வம்...

— மாட்டேன் சார். காலி பீலி, ஒண்ணுமில்லாததுக்கு, என்னைத் திருடன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?

— காரணம் காட்டலேன்னா இருக்கறதுலயே பெரிய வரியைத் தலையில கட்டுவா. அப்பறம் சேட் உங்க சரக்கைத் தொட மாட்டார். வேற யாருக்கும் நீங்கோ போல்ட் பண்றதில்லை. இந்த ஷட்டர் எறங்கிடும். யோசிச்சுப் பாருங்கோ.

— எறங்கட்டும். எங்க லேபர் கேம்ப் ஏரியாவுல வந்து யாரை வேணா விசாரிங்க. எங்க குடும்பத்துல ஒருத்தரும் அடுத்தவன் உழைப்ப ஓசியில தின்னதில்ல.

— அம்மா, என்ன, சட்டுனு நிறுத்திட்டேள்?

— ஒண்ணுமில்ல சார். நட்டு கீழ விழுந்துட்டு.

— சரி, சலுகை கதை வேண்டாம். அப்போ நிஜக் கணக்கைத்தான் காட்டியாகணும். கம்பி, சேட் கொடுக்கற அதே கம்பி. கரண்ட் இங்கதான் ஜாஸ்தி. ஆனாலும் தலோஜாவுல ஆகற செலவை விட உங்க போல்ட் மலிவு. எப்படி?

— எப்படின்னா? உழைக்கோம்.

— அப்படி எழுத முடியாதே. ஆள் யாரெல்லாம்?

— லேத்துல உதுமான். மரை போடுத மெஷின்ல நான். ரெண்டே பேருதான்.

— சோதனை பண்ண, எண்ணெய் தடவ, பெட்டி கட்ட? தலோஜாவுல அதுக்குன்னு ஒரு வரிசையே ஒக்காந்திருக்கு.

— அது வீட்ல பாத்துக்கிடுதாவ.

— வீட்லன்னா?

— மாடத்திதான். மால் கூடுனா என் தங்கச்சி இசக்கியும் வருவா. மாடிப்படி ஏறுனா வீடு, எறங்குனா கடை. என்ன கஷ்டம்?

— சம்பளம்?

— சம்பளமா! நல்ல கதையா இருக்கே. உங்க வீட்ல மாமிக்கு நீங்க சம்பளம் குடுக்கியளோ?

— எங்காத்துல பாகீரதி டீச்சர் ஆக்கும். ஸ்கூல்ல குடுக்கறா.

— ஏட்டி, என்ன சிரிப்பு?

— சிரிக்கலியே.

— சிரிக்கற விஷயமில்லை. வேலை நடந்திருக்கு, கூலி இல்லைன்னா உங்க புஸ்தகமே பொய்னு தூக்கிப் போட்டுடுவா. அதுக்கும் பெரிய வரிதான். ஆனா இதைச் சரி பண்ணலாம். மாசா மாசம் அம்மா சம்பளம் வாங்கினதா வவுச்சர் போட்டுடுவோம். இசக்கிக்கும் போட்டுடலாம். லாபம் நூலிழையாத்தான் தெரியும். பரவாயில்லை, கணக்கு நிக்கும்.

— அட, இம்புட்டுதானா! இதுக்கா சார் இவ்வளவு நேரம் பயங்காட்டுனிய? மாடத்தி, கையத் துடைச்சுட்டு வா. பேனாவப் பிடி.

— எம்புட்டு வாங்குனேன்னு எழுதுவிய சார்?

— தலோஜாவுல என்ன தராளோ அதையே போட்டுடலாம்.

— இந்த வேலைக்கா? அங்க சம்பளம் உண்டா?

— உண்டே. பி.எஃப்., தீபாவளிக்குப் போனஸ் எல்லாம்.

— போனஸுமா?

— என்ன யோசன? கையெழுத்துதான, போடு.

— கல்யாணமாகி வந்த மறுவாரம் என் கையில இந்த நட்ட வச்சிய. ஆள் வரல, ரெண்டு நாளைக்கு மட்டும் பாத்துக்கோன்னு. ஞாபகம் இருக்கா?

— இருக்கும். அதுக்கென்ன இப்போ?

— பெரிய மக காலேஜுக்குப் போயிட்டா. அந்த ஆள் இன்னும் வரலியே.

— சார் முன்னால இதையெல்லாம் பேசாத.

— சார் இருக்கும்போதுதான் பேசணும். அவருதான எம் வேலைக்கு ஒரு பேரு உண்டுன்னு இன்னைக்குச் சொன்னாரு.

— ஏட்டி, நம்ம குடும்பத்துக்குத்தான செஞ்ச? ஊரான் வீட்டுக்கா செஞ்ச?

— குடும்பம்னா கடை லைசென்ஸுல எம் பேரு எங்க? சேட் போடுத துட்டு எந்த அக்கவுண்டுக்குப் போவுது? போன வருஷம் இசக்கி கண்ணு ஆபரேஷனுக்குக் கேட்டப்ப, அடுத்த மால் போகட்டும்னு சொன்னிய. அந்த மாலையும் அவதான பெட்டி கட்டுனா.

— நான் தண்ணியடிச்சேனா? சீட்டாடுனேனா? எல்லாத்தையும் இந்தக் கடையிலதானட்டி போட்டேன்!

— ஆமா. என்னையும் சேத்துத்தான் போட்டிய.

— அம்மா, அவர் மேல உங்களுக்குக் கோபம் இருக்கலாம். அதை அப்பறம் பேசிக்கலாம். இப்போ கையெழுத்து இல்லேன்னா நிஜமாவே ஷட்டர் எறங்கிடும்.

— எறங்கட்டும்னு அவியதான சொன்னாவ? நீங்களும் கேட்டிய. வாங்காத காசை வாங்குனேன்னு கையெழுத்துப் போட மாட்டேன்னாவ. அவியளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

— மாடத்தி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?

— இப்பத்தான் தெளிஞ்சிருக்கு.

— சரி, ஒரு யோசனை. கையெழுத்தை நான் எப்படியாவது சமாளிக்கறேன். வியாழக்கிழமை மட்டும் அம்மா இங்க இருக்க வேண்டாம். மான்குர்த்ல அக்கா இருக்கான்னு ஒரு தரம் சொன்னேளே, காலம்பரவே கெளம்பிப் போயிடுங்கோ.

— அக்கா எங்கயும் ஓடிப் போயிர மாட்டா சார். நான் இங்கதான் உக்காந்திருப்பேன். இந்தப் பலகை மேலயே.

— அவா கேள்வி கேப்பா அம்மா.

— கேக்கத்தான வாராவ.

— ஏ, நட்ட எதுக்குக் கீழ வச்ச? பெட்டி சாயங்காலம் போகணும். இங்க பாரு, சேட் டெம்போ அனுப்பியாச்சு. மாடத்தி, உன்கிட்டதான் சொல்லுதேன்!

— சார், அந்தப் பேனாவ நீங்களே பிடிங்க. நான் சொல்லுதத அந்த ஆபீஸர்மாரு பாஷையில எழுதிக்கிடுங்க, அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடுதேன். இந்தப் போல்ட்டுக்கு மானியம் குடுத்தது கவர்மெண்ட் இல்ல, மாடத்தி. இன்னையோட நிப்பாட்டிட்டா.